திருவள்ளூர் சிவப்புக் கல் எரிமலைக் கல்லா? மண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கதை

செங்குன்றத்தில் இருந்து கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பூண்டி பக்கம் போகும்போது புதுசாகத் தோண்டிய பள்ளம் எதையாவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே, துருப்பிடித்த இரும்பு மாதிரி செக்கச்செவேல் என்று ஒரு அடுக்கு தெரியும். ஒரு கட்டியைக் கையில் எடுத்தால் கனமாக இருக்கும். ஓட்டை ஓட்டையாக, எப்போதோ கொதித்து ஆறியது போலவே இருக்கும்.

பார்க்கிற யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். இது எரிமலைக் குழம்பு ஆறின கல்லா? நம்ம திருவள்ளூர் பக்கம் ஒரு காலத்தில் எரிமலை இருந்ததா?

பதில்: இல்லை. இந்தக் கல்லுக்கும் எரிமலைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் இதே சிவப்பு அடுக்குக்குள் கை விட்டுத் தேடிய ஒருவர், பிறகு தக்காணத்தின் உண்மையான எரிமலை நிலத்தையும் நடந்து அளந்து வரைபடம் போட்டார். எரிமலை என்று மற்றவர்கள் சந்தேகப்பட்ட ஓர் இடத்தில், அது வெறும் மாட்டுச் சாணம் என்றும் சொன்னார். அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், எரிமலை ஒரு நிலத்தை எப்படியெல்லாம் மாற்றும் என்பதும் கூடவே புரிந்துவிடும்.

யார் இந்த ஃபூட்?

1834 செப்டம்பர் 22-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல், 24 வயதில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். அன்றைய ஆங்கிலேய அரசுக்கு நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, தங்கம் எங்கே என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தத் துறை. குதிரையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய், கூடாரம் போட்டுத் தங்கி, எந்த இடத்தில் என்ன பாறை என்று வரைபடம் போடுவதுதான் ஃபூட்டின் வேலை.

தமிழோடும் அவருக்கு ஒரு குடும்ப உறவு உண்டு. அவர் கல்யாணம் செய்துகொண்டது பீட்டர் பெர்சிவலின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தாரே, தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தாரே, அதே பெர்சிவல்தான்.

1863-ல் என்ன நடந்தது?

1863 மே 30. பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழி. அதிலிருந்து ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். இரண்டு பக்கமும் தட்டித் தட்டிக் கூராக்கப்பட்ட கல். தானாக உடைந்த கல் இப்படி இருக்காது, மனிதக் கை பட்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. அதுதான் கற்கால மனிதனின் கைக்கோடாரி.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ல், கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்து ஓடையில் ஒன்று இரண்டு இல்லை, கற்கருவிகள் குவியலாகவே கிடைத்தன. இந்தியாவில் மனிதனின் வரலாறு எவ்வளவு பழையது என்ற கேள்வி உண்மையில் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஃபூட் கல்லை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கல் எந்த அடுக்குக்குள் இருந்தது என்றும் பார்த்தார். அந்த அடுக்குதான் நாம் ஆரம்பத்தில் பேசிய சிவப்புக் கல்.

அப்போ அந்தச் சிவப்புக் கல் என்னதான்?

அதற்குப் பெயர் லேட்டரைட். நம்ம ஊரில் செம்புராங்கல் என்பார்கள். உதிரியாக இருந்தால் சரளை. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற வெப்ப நாடுகளில், பாறையில் இருக்கும் கரையக்கூடிய சத்துகளை மழைநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். அந்த இரும்பு துருப்பிடிப்பதால்தான் சிவப்பு. கரைந்து போன இடம்தான் ஓட்டை.

எரிமலைக் கல்லிலும் ஓட்டை இருக்கும். ஆனால் காரணம் வேறு. கொதிக்கிற குழம்புக்குள் மாட்டிக்கொண்ட வாயு, குமிழி குமிழியாக வெளியேறப் பார்க்கும். அதற்குள் குழம்பு இறுகிவிட்டால் குமிழி இருந்த இடம் ஓட்டையாக நிற்கும். ஆப்பத்தில் ஓட்டை விழுவது மாதிரி.

திருவள்ளூர் சரளைக்குள் பார்த்தால் உருண்டு வழவழப்பான கூழாங்கற்களும் கிடக்கும். தண்ணீர் உருட்டிக்கொண்டு வந்து போட்ட அடையாளம் அது. அவற்றோடு மனிதன் செய்த கருவிகளும் சேர்ந்து கிடக்கின்றன. கொதிக்கிற குழம்பு ஆறி உண்டான பாறையாக இருந்தால் இப்படி ஒரு கலவைக்கு வாய்ப்பே இல்லை. இந்த அடுக்குகளையும் பாலாற்றுக்கு வடக்கே உள்ள மற்ற பாறைகளையும் பற்றி ஃபூட் எழுதிய அறிக்கை 1873-ல் வெளிவந்தது. இன்றைய திருவள்ளூர் பகுதியின் மண்ணைப் பற்றிய ஆரம்பகால ஆய்வுகளில் அது முக்கியமானது.

எரிமலை மாதிரியே இல்லாத எரிமலை நிலம்

அடுத்து ஃபூட் வேலை பார்த்தது பெல்காம், தார்வார் பக்கம். அங்கேதான் தக்காணத்தின் கருப்புப் பாறை தெற்கே வந்து முடிகிறது. எங்கே பழைய பாறை முடிகிறது, எங்கே எரிமலைப் பாறை ஆரம்பிக்கிறது என்று அவர் எல்லை குறித்தார். தென் மராட்டியப் பகுதி பற்றிய அந்த அறிக்கை 1876-ல் வந்தது.

எரிமலை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கூம்பு மாதிரி ஒரு மலை, உச்சியில் ஒரு வாய், அதிலிருந்து புகை. தக்காணத்தில் அப்படி எதுவும் கிடையாது. அங்கே இருப்பது மேசை மாதிரி தட்டையான மலைகளும், படிக்கட்டு மாதிரி இறங்கும் சரிவுகளும்தான். ஆனால் உலகத்தின் மிகப்பெரிய எரிமலை நிலங்களில் அதுவும் ஒன்று.

ஏன் அப்படி? தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு கெட்டியாக இருந்தால் ஊற்றின இடத்திலேயே குமிந்து நிற்கும். நீர்க்க இருந்தால் ஓடிப் பரவிவிடும். எரிமலைக் குழம்பும் அப்படித்தான். சிலிக்கா அதிகம் இருந்தால் குழம்பு கெட்டி. வாயு வெளியேற முடியாமல் அடைபட்டு வெடிக்கும், சரிவான கூம்பு மலை உருவாகும். சிலிக்கா குறைவாக இருந்தால் குழம்பு இளகி ஓடும். பசால்ட் என்கிற கருப்புப் பாறை இந்த இரண்டாவது வகை.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், தக்காணத்தில் தரையே நீளநீளமாகப் பிளந்து, அந்தப் பிளவுகள் வழியாக இந்த இளகின குழம்பு வெளியே வந்தது. ஒரு அடுக்கு ஆறியதும் அதன் மேல் இன்னொரு அடுக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. அரிப்பில் போனது போக, இன்றைக்கும் மிஞ்சியிருப்பது சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மாதிரி கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இதன் கனம் 2 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

படிக்கட்டு எப்படி வந்தது?

ஒவ்வொரு அடுக்கிலும் நடுப்பகுதி உறுதியாக இருக்கும். மேல்பகுதி குமிழிகள் நிறைந்து லேசாக இருக்கும். மழை அரிக்கும்போது லேசான பகுதி சீக்கிரம் கரைந்து சரிவாகிறது. உறுதியான பகுதி செங்குத்தாக நிற்கிறது. அதனால்தான் படி மேல் படி. ஸ்வீடன் மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் இதற்கு டெக்கான் டிராப் என்றே பெயர் வந்தது.

இதன் விளைவுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சத்ரபதி சிவாஜியின் ராய்கட் மாதிரியான மலைக்கோட்டைகள் நிற்பது இந்தத் தட்டை உச்சிகளில்தான். எல்லோரா கைலாசநாதர் கோயில் குடையப்பட்டது இந்த எரிமலைப் பாறையில்தான். மும்பை அந்தேரியில் கில்பர்ட் ஹில் என்று ஒரு குன்று இருக்கிறது. செங்குத்தான தூண்களை அடுக்கி வைத்தது மாதிரி இருக்கும். குழம்பு ஆறிச் சுருங்கும்போது விரிசல் விட்டு உருவான தூண்கள் அவை.

மகாராஷ்டிராவின் பருத்தி விளையும் கரிசல் மண்ணும் இந்தப் பாறை மக்கியதால் வந்ததுதான். ஆனால் உடனே கோவில்பட்டி கரிசலும் எரிமலை மண்தான் என்று முடிவுக்கு வந்துவிடாதீங்க. அங்கே டெக்கான் டிராப்பே கிடையாது. நிறம் ஒன்றாக இருந்தால் பிறப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னும் பழைய நெருப்பு

டெக்கான் டிராப்புக்கு ரொம்ப முந்தைய எரிமலைப் பாறைகளும் ஃபூட் கண்ணில் பட்டன. கர்நாடகத்தில் நீள நீளப் பட்டைகளாக ஓடும் பழம்பாறைகளைத் தனித் தொகுதியாகப் பிரித்து, 1880-களில் தார்வார் என்று பெயர் வைத்தவர் அவர்தான். இதில் கணிசமான பகுதி 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட எரிமலைக் குழம்பு, அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறியது. சித்ரதுர்கா அருகே மரடிஹள்ளியில் தலையணைகளை அடுக்கியது மாதிரி பாறைகள் இருக்கின்றன. தண்ணீருக்கு அடியில் குழம்பு வெளிவந்தால், மேல்தோல் உடனே இறுகி இப்படி உருண்டை உருண்டையாகத்தான் உறையும். கோலார் தங்கமும் ஹட்டி தங்கமும் கிடைத்தது இந்த வகைப் பாறைப் பட்டைகளில்தான்.

அப்போ தமிழ்நாட்டில் நெருப்பின் சுவடே இல்லையா? இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் பூமிக்குள் இருந்து மேலே வந்த குழம்பு, பாறை வெடிப்புகளுக்குள்ளேயே இறுகி, கருப்புச் சுவர் மாதிரி நிற்கிறது. கருப்பு கிரானைட் என்று நாம் சமையல் மேடைக்கு வாங்குகிற கல்லில் ஒரு பகுதி இதுதான். ஆனால் பல்லாவரம், பரங்கிமலைப் பாறை அப்படி இல்லை. சார்னோகைட் என்ற அந்தப் பாறை பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. எரிமலையாக அது வெளியே வரவே இல்லை.

எரிமலையா, மாட்டுச் சாணமா?

ஃபூட் வாழ்க்கையில் மிகச் சுவாரசியமான பகுதி பெல்லாரியில். அந்த வட்டாரத்தில் சில இடங்களில் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. உருகி இறுகின கசடு, கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஓட்டை ஓட்டையான கட்டிகள். ஊர் மக்கள் அசுரர்களை எரித்த சாம்பல் என்று நம்பினார்கள். வந்து பார்த்த ஆங்கிலேயர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரும்பு உருக்கிய கசடா, செங்கல் சூளையா, எரிமலையா என்று விவாதம் நடந்தது.

பார்த்தால் எரிமலைக் கசடு போலத்தான் இருக்கும். ஆனால் ஃபூட் எப்போதும் போலச் சுற்றுப்புறத்தையும் பார்த்தார். பக்கத்தில் கிடந்தவை வழவழப்பாகத் தேய்த்த கற்கோடாரிகள், பானை ஓடுகள், மாட்டு எலும்புகள். அவர் சொன்ன விளக்கம் இதுதான்: புதிய கற்காலத்தில் மாடு மேய்த்தவர்கள் பட்டி போட்ட இடங்கள் இவை. மலை மாதிரிக் குவிந்த சாணம் எரிந்து, அந்தச் சூட்டில் உருகி இறுகியிருக்கிறது. மாடு தின்ற புல்லிலும் சிலிக்கா உண்டு. அதிகச் சூட்டில் அது கண்ணாடி மாதிரி உருகும்.

பலர் இதை நம்பவில்லை. 1950-களில் ரேமண்ட் ஆல்ச்சின் என்ற ஆய்வாளர் உட்னூரில் முறையாக அகழ்ந்து பார்த்தபோது, சாம்பல் அடுக்குகளில் மாட்டுக் குளம்புத் தடங்களே கிடைத்தன. ஃபூட் இறந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் சொன்னதுதான் சரி என்று ஆனது.

அவர் காலத்தில் தெரியாமல் போன எரிமலைச் சாம்பல்

1884, 85-ல் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் கர்னூல் பகுதியில் பில்லசுர்கம் குகைகளை அகழ்ந்தார்கள். அதே வட்டாரத்தில் ஜுவாலாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே மண்ணுக்கு அடியில் வெள்ளைச் சாம்பல் அடுக்கு ஒன்று உண்டு. அது சாணச் சாம்பல் இல்லை. உண்மையான எரிமலைச் சாம்பல்.

வந்தது எங்கே இருந்து? இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் இருந்து. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே டோபா எரிமலை வெடித்தது. உள்ளே இருந்த குழம்பு வெளியேறியதும் மேல்தரை இடிந்து உள்ளே விழுந்தது. அந்தப் பள்ளம்தான் இன்றைக்கு சுமார் 100 கிலோமீட்டர் நீளமுள்ள டோபா ஏரி. ஆக, எரிமலை மலையை மட்டும் உருவாக்குவதில்லை. ஏரியையும் உருவாக்கும்.

ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவி, மேலேயும் கற்கருவி. 2007-ல் இந்த ஆய்வு வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அத்தனை பெரிய வெடிப்புக்குப் பிறகும் இங்கே மனிதர்கள் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று. கற்கருவி, எரிமலை என்று ஃபூட் வாழ்நாள் முழுக்கத் தேடிய இரண்டும் ஒரே குழியில்! ஆனால் அவர் காலத்தில் அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

எரிமலையின் கை எவ்வளவு நீளம் என்று அவர் காலத்து சென்னை மக்களும் பார்த்தார்கள். 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்தது. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. காற்றில் மிதந்து வந்த தூசிதான் காரணம்.

இன்றைக்கு இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு. சுமார் 2 கிலோமீட்டர் அகலப் பள்ளம், அதன் நடுவே ஒரு சாம்பல் கூம்பு. பாடப்புத்தகப் படத்தில் வருகிற எரிமலை வேண்டும் என்றால், நமக்குப் பக்கத்தில் அதுதான்.

கடைசிக் காலம்

1891-ல் புவியியல் துறையில் ஓய்வு பெற்ற ஃபூட், சும்மா உட்காரவில்லை. பரோடா சமஸ்தானத்துக்கு ஆய்வு செய்து கொடுத்தார். மைசூர் சமஸ்தானம் புவியியல் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றார். 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. அவை இன்றும் எழும்பூரில் இருக்கின்றன.

வீடு ஏற்காட்டில். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் இறந்தார். வயது 78. அவருடைய அஸ்தி ஏற்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டு அங்குள்ள தேவாலயத்தில் வைக்கப்பட்டது. ஏற்காடு மலையும் எரிமலை இல்லை, சார்னோகைட்தான். அவர் முதல் கோடாரியை எடுத்த பல்லாவரத்தின் அதே பாறை.

இது இப்போ நமக்கு ஏன் முக்கியம்?

ஃபூட் தொட்ட அத்திரம்பாக்கத்தில் 1999-ல் இருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் மறுபடி அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். அதே இடத்தின் அடுத்த கட்டக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகள் பழையவை என்று 2018-ல் சொன்னார்கள். இந்தியாவில் மனிதன் எப்போது வந்தான் என்று உலகத்தில் யார் எழுதினாலும் இன்றைக்குத் திருவள்ளூரைச் சொல்லாமல் எழுத முடியாது.

இந்த வயதெல்லாம் எப்படிக் கிடைத்தது? அடுக்கு கலையாமல் இருந்ததால்தான். கருவியை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் அது ஒரு கூரான கல், அவ்வளவுதான். எந்த மண்ணுக்கு மேல், எந்த மண்ணுக்குக் கீழ் என்று தெரிந்தால்தான் அது வரலாறு.

ஆனால் அதே சரளைதான் சாலைக்கும், மனைக்கும், தொழிற்சாலை வளாகத்துக்கும் நிரப்பு மண்ணாகவும் தேவைப்படுகிறது. தொழிற்பேட்டை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலை அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஜேசிபி ஒரு மணி நேரத்தில் அள்ளிவிடும் அடுக்கு, பல ஆயிரம் ஆண்டுகள் படிந்தது. லாரியில் ஏறிவிட்டால் அதைத் திரும்ப அடுக்க யாராலும் முடியாது. அள்ளுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டால்கூடப் போதும்.

நீங்கள் செய்யக்கூடியது ரொம்பச் சின்ன விஷயம். பள்ளத்தில் இரண்டு பக்கமும் தட்டிக் கூராக்கிய கல் கண்ணில் பட்டால், எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. இருக்கிற இடத்திலேயே, சுற்றி உள்ள மண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்க. மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. பூண்டியில் கற்காலப் பொருட்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நீர்த்தேக்கத்துக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கேயும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்க.

அடுத்த முறை சிவப்புக் கல்லைப் பார்த்து இது எரிமலைக் கல்லாப்பா என்று பிள்ளை கேட்டால், இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்குள் இருப்பது எரிமலையை விட நமக்கு நெருக்கமான விஷயம். இந்த மண்ணில் வாழ்ந்த மனிதர்களின் கைவேலை.